பழைய கம்ப்ரசர், ஈக்வலைசர்களின் மென்பொருள் வடிவங்கள்: வீட்டு ஒலிக்கலவைக்குத் தேர்ந்தெடுத்தல்

பழைய கம்ப்ரசர், ஈக்வலைசர்களின் மென்பொருள் வடிவங்கள் என்பவை, ஏறத்தாழ 1950 முதல் 1980 வரை ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் பயன்பட்ட மின்னணுக் கருவிகளின் நடத்தையைக் கணினியில் செய்துகாட்ட முயலும் நிரல்கள் ஆகும். இவை தனியாக இயங்குவதில்லை. ரீப்பர், லாஜிக் புரோ, கியூபேஸ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களுக்குள் செருகிப் பயன்படுத்தப்படுவதால் பிளகின் என்றும் செருகுநிரல் என்றும் அழைக்கப்படுகின்றன.

அசல் கருவிகளில் சில இன்று எளிதில் கிடைப்பதில்லை. ஃபேர்சைல்டு 670 என்னும் கம்ப்ரசர் நல்ல நிலையில் கிடைத்தால் பல பத்தாயிரம் டாலருக்கு விலைபோகிறது. அதன் மென்பொருள் வடிவமோ ஒரு நல்ல செருப்பின் விலைக்குள் வந்துவிடும். சில இலவசமாகவே கிடைக்கும். ஆகவே இன்றைய சிக்கல் கிடைக்காமை அன்று, மிகுதியே. ஒரே பழைய கருவிக்குப் பத்து நிறுவனங்கள் பத்துப் பிளகின்களை விற்கின்றன. புதிதாக வீட்டில் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்குபவர் எதை வாங்குவது என்று திகைத்து, தள்ளுபடிக் காலத்தில் முப்பதை வாங்கி, மூன்றைக்கூடச் சரியாகப் பழகாமல் விடுகிறார். பழைய கருவிகளைப் பெயரால் அறிவதைவிட, ஒலிக்கு அவை எவ்வளவு விரைவில் எதிர்வினை ஆற்றுகின்றன என்பதால் அறிந்தால் தேர்வு எளிதாகும். இக்கட்டுரை அந்த வழியிலேயே செல்கிறது.

கம்ப்ரசரின் வேலை

கம்ப்ரசர் உரத்த ஒலியைக் குறைத்து, உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குகிறது. ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் போகும் ஒலியை 4:1 விகிதத்தில் குறைக்கச் சொல்வதாகக் கொள்வோம். வரம்பை 8 டெசிபல் தாண்டிய குரல், கருவியிலிருந்து வெளிவரும்போது 2 டெசிபல் மட்டுமே தாண்டியிருக்கும். குறைந்தது 6 டெசிபல். பிறகு முழு ஒலியையும் 6 டெசிபல் உயர்த்திக்கொள்கிறோம். உரத்த இடம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மெல்லிய இடங்களோ 6 டெசிபல் உயர்ந்துவிடுகின்றன.

இந்தக் கடைசி வரியை வீட்டில் பதிவு செய்வோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மெல்லிய இடங்கள் என்றால் பாடகரின் மூச்சும் முணுமுணுப்பும் மட்டும் அல்ல. சுழலும் மின்விசிறி, தெருவில் போகும் ஆட்டோ, அடுத்த அறைத் தொலைக்காட்சி எல்லாமே 6 டெசிபல் உயரும். பாடகரின் மைக்கிலேயே சுருதிப் பெட்டியின் ஒலியும் விழுந்திருந்தால், பாட்டு நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் சுருதி எழும்பி, பாட்டுத் தொடங்கியதும் அமுங்கும். எந்தப் புகழ்பெற்ற கருவியின் பிளகினாலும் இதைத் தவிர்க்க முடியாது. சுருதியைத் தனித் தடத்தில் பதிவு செய்துகொண்டு, பாடகருக்குக் காதொலிப்பான் கொடுப்பதே வழி.

வரம்பு தாண்டியதும் கம்ப்ரசர் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்பதை அட்டாக் என்றும், ஒலி தணிந்ததும் எவ்வளவு நேரத்தில் விடுகிறது என்பதை ரிலீஸ் என்றும் சொல்வர். பழைய கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். வேறுபாட்டுக்குக் காரணம், ஒலியைக் குறைக்க உள்ளே எந்தப் பொருள் பயன்பட்டது என்பதே.

ஒளியால் இயங்கும் வகை

ஜிம் லாரன்ஸ் வடிவமைத்து, டெலிட்ரோனிக்ஸ் நிறுவனம் 1960களில் விற்ற எல்ஏ-2ஏ இவ்வகையில் தலையாயது. இதற்குள் டி4 என்னும் சிறு கூடு உண்டு. அதில் மின்சாரம் பட்டால் ஒளிரும் தகடும், ஒளி பட்டால் மின்தடை குறையும் காட்மியம் சல்பைடு துண்டும் எதிரெதிரே இருக்கும். பாடகர் உரக்கப் பாடினால் தகடு ஒளிரும், எதிரே உள்ள துண்டின் தடை குறையும், ஒலி தணியும்.

இந்தத் துண்டுக்கு ஒரு மந்த குணம் உண்டு. ஒளி நின்றதும் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. குறைத்ததில் பாதியை ஏறத்தாழ 60 மில்லி வினாடியில் விட்டுவிடும். மீதியை விடச் சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு அதிகமாக, எவ்வளவு நேரம் ஒளிபட்டதோ அதற்கேற்ப இந்த நேரமும் நீளும். அட்டாக் சராசரியாக 10 மில்லி வினாடி. பயன்படுத்துபவர் இவற்றில் எதையும் மாற்ற முடியாது. முகப்பில் பெரிய குமிழ்கள் இரண்டுதான்: ஒன்று எவ்வளவு குறைப்பது என்பதற்கு, மற்றொன்று எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு.

குரலுக்கு இது பொருந்துவதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். ஒவ்வொரு அசையையும் துரத்திக் குறைக்காமல், ஒரு வரி முழுவதையும் சேர்த்துத் தாங்கிப் பிடிக்கிறது. கமகம் நிறைந்த பாட்டில் குரல் ஏறி இறங்கும்போதெல்லாம் கம்ப்ரசரும் கூடவே ஆடினால் கமகத்தின் வளைவு சிதையும். மெதுவாக விடும் கருவியில் அந்தத் தொல்லை குறைவு. முதன்முதலாக ஒரே ஒரு பழைய கம்ப்ரசர் பிளகின் வேண்டும் என்பவருக்கு இவ்வகையையே பரிந்துரைக்கலாம். தவறு செய்வதற்கு இதில் குமிழ்கள் குறைவு.

டிரான்சிஸ்டர் வகை

வானொலி, ஒலிப்பதிவுத் துறையில் பெயர்பெற்ற பில் புட்னம் 1967இல் வெளியிட்ட 1176, எஃப்இடி எனப்படும் புலவிளைவு டிரான்சிஸ்டரைக் கொண்டு ஒலியைக் குறைத்தது. இதன் அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ வினாடி வரை. ரிலீஸ் 50 மில்லி வினாடி முதல் 1.1 வினாடி வரை. விகிதத்துக்கு 4, 8, 12, 20 என நான்கு பொத்தான்கள்.

இதைப் பற்றி இரண்டு குழப்பங்கள் பரவலாக உள்ளன. முதலாவது, அட்டாக், ரிலீஸ் குமிழ்களில் 7 என்பதே மிக விரைவு; 1 என்பது மெதுவு. மற்றக் கருவிகளைப் பழகியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பிளகின் சரியில்லை என்று குறைகூறுவர். இரண்டாவது குழப்பம் இன்னும் ஆழமானது. 1176இன் மிக மெதுவான அட்டாக்கும் ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. மிருதங்கத்தின் அடி தெறித்து விழும் அந்த முதல் சில மில்லி வினாடிகளை விட்டுவிட்டுப் பின்னொலியை மட்டும் பிடிக்க வேண்டும் என்று குமிழை 1இல் வைப்பவர் ஏமாறுவார். இந்தக் கருவியின் அகராதியில் மெதுவு என்பதே வேகம்தான். அந்தத் தேவைக்கு அடுத்துச் சொல்லப்படும் விசிஏ வகை ஏற்றது.

ரிலீஸை மிக விரைவாக வைப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்சில் அதிர்கிறது. ஓர் அலைக்கு 24 மில்லி வினாடி. 50 மில்லி வினாடியில் விட்டுவிடும் கம்ப்ரசர், ஒலியின் போக்கைத் தொடர்வதற்குப் பதிலாக அலையின் வடிவத்தையே தொடரத் தொடங்கிவிடும். விளைவு கரகரப்பு. ராக் இசையில் அதை விரும்பியே செய்வர். வீணைக்கோ தம்பூராவுக்கோ அது வேண்டாம்.

1176ஐயும் எல்ஏ-2ஏவையும் அடுத்தடுத்து வைப்பது குரலுக்குப் பல்லாண்டாக வழக்கத்தில் உள்ள முறை. முதலாவது திடீர்க் குதிப்புகளில் 2, 3 டெசிபல் எடுக்கும். இரண்டாவது மீதியைச் சாந்தமாக்கும். இரண்டும் குறைவாகவே வேலை செய்வதால் இரண்டுமே காதுக்குத் தெரியாது.

வால்வு வகையும் விசிஏ வகையும்

எஸ்தோனியாவில் பிறந்த ரெயின் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்டு 670, 1950களின் இறுதியில் வந்தது. 20 வால்வுகள், ஏறத்தாழ 30 கிலோ எடை. இசைத்தட்டு வெட்டும் ஊசி அளவுக்கு மீறி அசையாமல் காப்பதே அதன் முதற்பணி. வால்வின் மின்னழுத்தத்தை மாற்றியே பெருக்கத்தைக் குறைப்பதால் விகிதம் நிலையாக இராது; ஒலி உயர உயரப் பிடியும் இறுகும். ரிலீஸ் 0.3 வினாடியில் தொடங்கி 25 வினாடி வரை போகும். முழுப் பாடலின் மேலும் மிக இலேசாகப் போடுவதற்கு நன்று. எனினும் தொடக்கத்தில் இருப்பவர் இதை வாங்க அவசரப்பட வேண்டியதில்லை. 1 டெசிபல் குறைப்பதன் வேறுபாட்டைக் கேட்க நல்ல அறையும் பழகிய காதும் வேண்டும்.

விசிஏ என்பது மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கி. இங்கிலாந்தின் எஸ்எஸ்எல் நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து தன் 4000 வரிசைக் கலவை மேசைகளின் நடுவில் வைத்த கம்ப்ரசர் இவ்வகை. விகிதம் 2, 4, 10, அட்டாக் 0.1 முதல் 30 மில்லி வினாடி வரை ஆறு படிகள். 30 மில்லி வினாடி என்பது 1176இன் மிக மெதுவான நிலையைப் போல் 37 மடங்குக்கும் மேல். மிருதங்கம், தபலா, பறை ஆகியவற்றின் அடி முழுதாக வெளிவந்த பிறகு பிடிக்க இது உதவும்.

ஈக்வலைசர்கள்

அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பயன்படுவது ஈக்வலைசர். பழைய ஈக்வலைசர்களின் வளைவைச் சாதாரண டிஜிட்டல் ஈக்வலைசரிலும் பெரும்பாலும் வரைந்துவிடலாம் என்பது விற்பனையாளர்கள் உரக்கச் சொல்லாத செய்தி. கம்ப்ரசரில் நேர நடத்தை சிக்கலானது. ஈக்வலைசரில் அவ்வளவு சிக்கல் இல்லை. பழைய ஈக்வலைசர் தருவது முக்கியமாக இரண்டு: மின்மாற்றியாலும் பெருக்கியாலும் வரும் சிறு திரிபு, தேர்வுகளைச் சுருக்கிக் கொடுக்கும் வசதி.

புல்டெக் இக்யூபி-1 1951இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பிறந்தது. யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லின் என்ற இருவரின் நிறுவனம். சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்றில் ஒலி வடிவம் பெறும்; அதில் இழந்த அளவை வால்வுப் பெருக்கி மீட்கும். தாழ்ந்த பகுதிக்குச் சில இடங்களே உண்டு. கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் தனித்தனிக் குமிழ்கள் இருப்பதால் இரண்டையும் ஒருசேரத் திருப்பலாம். இரண்டு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிவதில்லை. எனவே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல், அடியில் மேடும் அதற்குச் சற்று மேலே பள்ளமும் உண்டாகின்றன. தவில், கிக் டிரம் போன்றவற்றில் கனம் கூடி, மொத்தென்ற அடைப்பு குறையும்.

ரூபர்ட் நீவ் நிறுவனத்தின் 1073, லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கான மேசைக்காக 1970இல் செய்யப்பட்டது. மேல்பகுதி 12 கிலோ ஹெர்ட்சில் நிலையானது, நடுவில் 0.36, 0.7, 1.6, 3.2, 4.8, 7.2 கிலோ ஹெர்ட்ஸ் ஆகிய ஆறு இடங்கள். குரலில் 3.2ஐச் சற்று உயர்த்தினால் சொற்கள் முன்னே வரும். ஏபிஐ 550ஏ, சால் வாக்கரின் வடிவமைப்பு. சிறிதாகக் கூட்டினால் அகலமாகவும், பெரிதாகக் கூட்டினால் குறுகலாகவும் வேலை செய்யும்.

இவற்றால் ஆகாத வேலையும் உண்டு. சிறிய அறையில் பதிவான குரலில் 450 ஹெர்ட்ஸ் அருகே தகர டப்பாவுக்குள் பாடியது போன்ற ஓசை இருந்தால், 1073இன் 360க்கும் 700க்கும் இடையில் அதைத் தொட இடமே இல்லை. குறுகலாக வெட்டவும் வழியில்லை. குறை களையும் வேலையை ஒலிப்பதிவு மென்பொருளோடு வரும் சாதாரண ஈக்வலைசரில் முதலில் முடித்துவிட வேண்டும். அழகு கூட்டும் வேலை மட்டுமே பழைய வகைக்கு உரியது.

உள்ளே அனுப்பும் அளவு

பழைய கருவிகளில் முள் சுழியத்தைத் தொடும் நிலையே இயல்பான வேலை அளவு. பெரும்பாலான பிளகின்களில் அது டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபல் கீழே வைக்கப்பட்டுள்ளது. பதிவு செய்யும்போது உச்சத்தை ஒட்டி ஏற்றிவிட்ட குரலை அப்படியே அனுப்பினால், அசல் கருவிக்கு அதன் தாங்கும் திறனுக்கு மேல் கொடுத்தது போலாகும். அதிலும் 1176இல் வரம்புக் குமிழ் தனியே இல்லை. உள்ளே அனுப்பும் அளவுதான் எவ்வளவு குறைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. குரலின் சராசரி அளவை பிளகினுக்கு முன்பாகவே 18 டெசிபல் கீழே கொண்டுவந்துவிட்டால், "இந்தப் பிளகின் எல்லாவற்றையும் நசுக்குகிறது" என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும்.

ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டல்

மனிதக் காது உரத்த ஒலியைத் தெளிவானதாகவும் கனமானதாகவும் உணர்கிறது. ஒலியளவுக்கேற்பக் காதின் அதிர்வெண் உணர்ச்சி மாறுவதை ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இலேயே அளந்து வெளியிட்டனர். பிளகினைப் போட்டதும் ஒலி 2 டெசிபல் கூடினாலே அது நல்ல பிளகின் என்று தோன்றும். பல பிளகின்கள் செருகிய உடனே சற்று உரத்துவிடுகின்றன.

இக்கட்டுரையாளர் ஓய்வுபெற்ற புதிதில், பள்ளி மாணவி ஒருத்தி பாடிய வாழ்த்துப் பாடலை ஆண்டு விழாவுக்காகக் கலவை செய்தார். எல்ஏ-2ஏ வகைப் பிளகின் ஒன்றைப் போட்டதும் குரல் பெருகிச் சிறந்தது, அப்படியே அனுப்பிவிட்டார். விழா முடிந்து பல நாள் கழித்து, பிளகின் போட்ட வடிவம் மூலத்தைவிட 4 டெசிபல் உரத்திருந்ததைக் கவனித்தார். சமப்படுத்திக் கேட்டபோது மூலமே நன்றாக இருந்தது. ஒவ்வொரு அடியின் முடிவிலும் அந்தப் பிள்ளை குரலைத் தணித்து இறக்கும் அழகு, கலவையில் காணாமற் போயிருந்தது. ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது தட்டையான வடிவம்தான்.

எனவே பிளகினின் வெளியீட்டைக் குறைத்து, போட்டபோதும் எடுத்தபோதும் ஒரே அளவாகக் கேட்கும்படி செய்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுட்டியைப் பலமுறை அழுத்தி, எது எது என்று தெரியாத நிலையில் கேட்பது இன்னும் நல்லது. பழைய கருவியின் அழகிய முகப்புப் படம் காதை ஏமாற்றும் வல்லமை உடையது. வேறுபாடே தெரியவில்லை என்றால் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே பெயர், பல பிளகின்கள்

எல்ஏ-2ஏவின் டி4 கூடுகள் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை, பழையதாகும்போதும் மாறும். 1176க்கும் ஏ முதல் எச் வரை பல திருத்தங்கள் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் கையில் கிடைத்த கருவியை அளந்து நிரல் எழுதுவதால் இரண்டு பிளகின்கள் வேறுபட்டு ஒலிப்பது பிழையன்று. "எது உண்மையான 1176" என்ற வாதத்துக்கு முடிவு வராது.

உண்மையான தரக்குறைவு வேறிடத்தில் இருக்கிறது. திரிபை உண்டாக்கும் நிரல் மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது. 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில் 22,050 ஹெர்ட்சுக்கு மேல் எதையும் வைக்க முடியாது. 9,000 ஹெர்ட்சின் மும்மடங்கு 27,000. அது எல்லையில் மோதி மடங்கி 17,100இல் வந்து விழும். மூல ஒலியோடு இசைவில்லாத இந்த ஓசை, ஜால்ராவிலும் "ஸ", "ஷ" ஒலிகளிலும் கூர்மையான எரிச்சலாகத் தெரியும். இதைத் தடுக்க ஓவர்சாம்ப்ளிங் என்னும் வசதி நல்ல பிளகின்களில் இருக்கும். சிலவற்றில் அசல் கருவியின் மின்சார இரைச்சலையும் 50, 60 ஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். வீட்டுப் பதிவில் இருக்கும் இரைச்சல் போதாதா? அணைத்துவிடலாம்.

வாங்கும் முன்

கையில் இருப்பதைப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். லாஜிக் புரோவின் கம்ப்ரசரிலேயே ஒளி, எஃப்இடி, விசிஏ வகைகள் உட்பட ஏழு சுற்றுகள் உள்ளன. புல்டெக், நீவ், ஏபிஐ போன்ற மூன்று பழைய ஈக்வலைசர்களும் உண்டு. ரீப்பரோடு 1176ஐ ஒட்டிய 1175 என்ற நிரல் வருகிறது. வெளியே அனலாக் அப்செஷன் தரும் லாலா எல்ஏ-2ஏ வகை, ஃபெட்டிஷ் 1176 வகை. கிளாங்ஹெல்மின் எம்ஜேயூசி ஜூனியர் வால்வு வகை. இக்னைட் ஆம்ப்ஸின் பிடிஇக்யூ-எக்ஸ் புல்டெக் வகை. இவை இலவசமாக வெளியானவை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் எடுத்து, ஆறு மாதம் அதனோடு மட்டும் பழகினால், பிறகு காசு கொடுத்து வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்கும்.

விலை கொடுப்பதென்றால் நவம்பர் இறுதித் தள்ளுபடி வரை பொறுக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் சோதனைக் காலமும் தருகின்றன. சோதனையைத் தொடங்குமுன், ஏற்கெனவே பாதி கலந்து வைத்த சொந்தப் பாட்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. சிலவற்றுக்கு ஐலாக் கணக்கு வேண்டும். லாஜிக் ஏயூ வடிவப் பிளகின்களை மட்டுமே ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய கணினி வைத்திருப்பவர்கள் ஒரே பிளகினை இருபது தடங்களில் போட்டு, திணறுகிறதா என்று பார்ப்பது நல்லது. ஓவர்சாம்ப்ளிங் சிறு தாமதத்தையும் உண்டாக்கும். கலவையில் அது தெரியாது, ஆனால் பாடகர் காதொலிப்பானில் தன் குரலைக் கேட்டபடி பாடும்போது இடறும். ஆகையால் பதிவு முடியும்வரை அத்தகைய பிளகின்களை அணைத்து வைப்பர்.